வாடிக்கையாளர் வீட்டில் உருவப்படம் எடுக்க எந்தப் பின்னணித் திரை ஏற்றது?

புதுவெளிச்சம் எழுதியது:

வணக்கம். வாடிக்கையாளர்களின் வீடுகளுக்கே சென்று உருவப்படம் எடுக்கும் வேலையை ஓராண்டாகச் செய்து வருகிறேன். தனி ஆள், இணையர், ஒன்றிரண்டு குழந்தைகள் என்ற அளவில்தான் பெரும்பாலான வேலைகள் அமைகின்றன. அவற்றிலும் இடுப்புக்கு மேல் எடுக்கும் படங்களே மிகுதி. உதவியாளர் கிடையாது. தோளில் ஒரு பை, கையில் ஒரு நீளப்பை என்பதற்கு மேல் என்னால் தூக்கிச் செல்ல இயலாது.

இப்போது என்னிடம் இருப்பது 3 மீட்டர் அகலமும் 3.6 மீட்டர் நீளமும் கொண்ட மஸ்லின் துணி, இரண்டு ஸ்டாண்டுகள், அவற்றுக்கிடையே மாட்டும் குறுக்குக் கம்பி. சென்ற மாதம் ஒரு வீட்டில் அந்தத் துணியின் சுருக்கங்களை நீராவி இஸ்திரியால் நீக்குவதற்கு மட்டும் 25 நிமிடம் பிடித்தது. அதற்குள் நான்கு வயதுக் குழந்தை பொறுமை இழந்து, போட்டிருந்த மேலுடையைக் கழற்றி எறிந்துவிட்டது. அவ்வளவு செய்தும், குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒரு மடிப்புக் கோடு எல்லாப் படங்களிலும் விழுந்திருந்தது.

மஸ்லினை விட்டுவிட முடிவு செய்துவிட்டேன். எஃகு வளையத்தில் இழுத்துத் தைத்த மடக்குத் திரை, காகிதச் சுருள், தீட்டிய கேன்வாஸ், சுருக்கம் விழாது என்று சொல்லி விற்கப்படும் பாலியெஸ்டர் துணி ஆகியவற்றுள் எதைத் தேர்வது? இரண்டே நிறங்கள்தாம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எந்த இரண்டு? வீடுகளுக்குச் சென்று எடுக்கும் அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

அளவுநாடா எழுதியது:

துணியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அறையைப் பற்றிப் பேச வேண்டும். திரை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதை நம் விருப்பம் முடிவு செய்வதில்லை. லென்ஸும் தொலைவும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கணக்கு எளியது. ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார், அதாவது ஒளியைப் பதிவு செய்யும் தகடு, 36-க்கு 24 மி.மீ. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால், கேமராவிலிருந்து திரை இருக்கும் தொலைவை 24-ஆல் பெருக்கி லென்ஸின் குவியத் தொலைவால் (85 மி.மீ., 50 மி.மீ. என்று லென்ஸில் எழுதியிருக்கும் எண்) வகுத்தால், படத்தில் தெரியக்கூடிய திரையின் அகலம் வரும். 24-க்குப் பதில் 36 என்று போட்டால் உயரம்.

85 மி.மீ. லென்ஸுடன் ஆளிடமிருந்து 2.5 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று கொள்வோம். ஆள் இருக்கும் இடத்தில் 71 செ.மீ. அகலமும் 106 செ.மீ. உயரமும் படத்தில் அடங்கும். அதாவது தலை முதல் இடுப்பு வரை. அவருக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் திரை இருந்தால், திரையில் தெரிவது 1.13 மீட்டர் அகலமும் 1.69 மீட்டர் உயரமும்தான். ஆகவே 1.5 மீட்டர் அகலத் திரையே போதும், இருபுறமும் ஒரு சாண் அளவுக்கு மிச்சமும் இருக்கும்.

அதே படத்தை 50 மி.மீ. லென்ஸில் எடுக்க ஒன்றரை மீட்டருக்கு நெருங்க வேண்டும். திரை அதே ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தால் இப்போது தெரிவது 1.44 மீட்டர் அகலம், 2.16 மீட்டர் உயரம். ஆள் சற்றே சாய்ந்தாலும் விளிம்பு தெரியும். இரண்டு மீட்டர் உயரத் திரை என்றால் மேலும் கீழும் போதாது. திரையை ஆளுக்கு ஒரு மீட்டர் அருகில் கொண்டுவந்தால் 1.2-க்கு 1.8 மீட்டராகச் சுருங்கிவிடும்.

நீங்கள் வாங்கியிருந்த 3 மீட்டர் துணியில் பாதிக்கு மேல் எந்தப் படத்திலும் வந்திருக்காது. அந்தப் பாதிக்கும் சேர்த்துத்தான் இஸ்திரி போட்டிருக்கிறீர்கள்.

முக்காலி எழுதியது:

மடக்குத் திரைக்கே என் வாக்கு. ஏழெட்டு ஆண்டுகளாக என் பையில் இருப்பது 1.5-க்கு 2 மீட்டர் அளவுள்ள, இருபுறமும் இரண்டு நிறம் கொண்ட ஒரே வளையத் திரைதான். உறையிலிருந்து எடுத்தால் தானே விரிந்துகொள்கிறது. ஒரே ஒரு விளக்கு ஸ்டாண்டில் மேல்விளிம்பை கிளிப் போட்டு நிறுத்திவிடலாம், குறுக்குக் கம்பி வேண்டியதில்லை. அவசரத்திற்கு ஒரு சோபாவின் முதுகில் சாய்த்து வைத்தும் எடுத்திருக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து முதல் படம் எடுப்பது வரை பத்து நிமிடம் தாண்டாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, விரியும் வேகம். உறையைக் கழற்றியதும் எஃகு வளையம் பாயும். அருகில் கண்ணாடிச் சாமான் இருந்தாலோ குழந்தை நின்றாலோ ஆபத்து. சுவரைப் பார்த்து நின்று, ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மெல்ல விட வேண்டும். இரண்டாவது, புதிதாக வாங்கிய சில மாதங்கள் துணி முரசுத் தோல் போல் இழுத்து நிற்கும். மடித்து மடித்து நாளடைவில் தொய்ந்து, ஓரங்களில் அலை அலையாக வரும். அலை விழுந்த ஓரம் படத்திற்குள் வராதபடி நெருக்கி எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது, மடித்த பின்பும் அது பெரிய வட்டத் தட்டாகத்தான் இருக்கும். தோளில் மாட்டிக்கொண்டு குறுகிய மாடிப்படியில் ஏறினால் சுவரெல்லாம் உரசும்.

நிற்கும் ஆளின் முழு உருவம் இதில் முடியாது. தரைவரை நீளும் வால் தைத்த வகையும் இருக்கிறது, ஆனால் அதை மடிப்பது வேறொரு கலை.

காகிதச்சுருள் எழுதியது:

சுருக்கம்தான் உங்கள் துன்பம் என்றால், சுருக்கமே அறியாத பொருள் காகிதம். பலரும் காகிதம் என்றவுடன் 2.72 மீட்டர் அகலச் சுருளை நினைத்துக்கொண்டு, அது லிஃப்டிலும் காரிலும் நுழையாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1.35 மீட்டர் அகலச் சுருளும் உண்டு, 11 மீட்டர் நீளத்தில் வருகிறது. மேலே அளவுநாடா போட்ட கணக்கின்படி 85 மி.மீ. லென்ஸுக்கு 1.13 மீட்டர் தேவை என்றால், இது போதும்.

காகிதத்தின் பெரிய நன்மை, அது அழுக்கானால் வெட்டி எறிந்துவிடலாம் என்பதுதான். குழந்தை அதன்மேல் எதைக் கொட்டினாலும் அரை மீட்டரைக் கத்தரித்துவிட்டு மேலும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். துணியில் இது நடக்காது. கொண்டுசெல்லும்போது சுருளை உறையிலிட்டு, வீட்டில் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கவைத்தோ சாய்த்தோ நெடுநாள் விட்டால் நடுவில் வளைந்து, விரிக்கும்போது நீள அலைகள் தோன்றும். அந்த அலைகள் பக்கவாட்டு ஒளியில் மஸ்லின் மடிப்பைவிட மோசமாகத் தெரியும். ஈரக் காற்றிலும் காகிதம் இப்படி அலைபாயும் என்பதால், மழைநாளில் கூடுதல் கவனம் வேண்டும்.

முழு உருவத்திற்கு 1.35 மீட்டர் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நின்ற கோலத்தை 50 மி.மீ. லென்ஸில் அடக்க ஏறக்குறைய மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். திரை முக்கால் மீட்டர் பின்னால் என்றாலும் 1.8 மீட்டர் அகலம் தெரியும். 2.72 மீட்டர்ச் சுருளை மரம் அறுக்கும் கைரம்பத்தால் அறுத்து, இரண்டு மீட்டர் அளவில் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களுள் ஒருவன். அறுத்த முனையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பிசிறு நிற்காது. தரையில் கம்பளம் விரித்த அறையில் காகிதத்தின்மேல் ஆளை நிறுத்தாதீர்கள். குதிகால் பட்ட இடமெல்லாம் ஓட்டை விழும். அடியில் ஒரு கெட்டிப் பலகை வேண்டும், அதையும் யார் தூக்கிச் செல்வது என்ற கேள்வி அப்போது எழும்.

புதுவெளிச்சம் எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. அளவுநாடா அவர்களுக்கு ஒரு கேள்வி: நான் செல்லும் வீடுகளில் பாதிக்கு மேல் வரவேற்பறையின் நீளம் மூன்றரை மீட்டர்தான் இருக்கும், அதிலும் சோபாவை நகர்த்த ஒத்துக்கொள்வார்களா என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். நீங்கள் சொல்லும் 85 மி.மீ. கணக்கு அங்கே எப்படிப் பொருந்தும்?

அளவுநாடா எழுதியது:

நேராகப் பார்த்தால் பொருந்தாது. 2.5 மீட்டர், ஒன்றரை மீட்டர், உங்கள் முதுகுக்கு அரை மீட்டர் என்று கூட்டினால் நாலரை மீட்டர் வருகிறது. 50 மி.மீ. லென்ஸும் ஒரு மீட்டர் பின்னால் திரையும் என்றால் மூன்று மீட்டரில் முடியும். ஆனால் அறையை நீளவாக்கில் மட்டும் பார்க்க வேண்டியதில்லை. மூன்றரைக்கு மூன்று மீட்டர் அறையின் மூலைக்கு மூலை நீளம் 4.6 மீட்டர். திரையை ஒரு மூலையில் குறுக்காக நிறுத்தி, எதிர்மூலையில் நீங்கள் நில்லுங்கள். 1.5 மீட்டர்த் திரை மூலையிலிருந்து முக்கால் மீட்டர் முன்னால்தான் நிற்கும் என்பதால், ஆளுக்கும் திரைக்கும் இடையே ஒன்றரை மீட்டருக்குப் பதில் ஏறத்தாழ 80 செ.மீ. கிடைக்கும். அகலத் திரையை மூலையில் நுழைக்க முடியாது என்பதால், இங்கும் 1.5 மீட்டர்த் திரைக்கே வாய்ப்பு. மூலையை அடைத்து அலமாரி இருக்கும் வீட்டில், அடுத்த அறையிலோ நடையிலோ நின்றுகொண்டு திறந்த கதவின் வழியே எடுப்பேன். கதவின் அகலம் லென்ஸின் பார்வைக்குத் தாராளமாகப் போதும்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: இடம் இல்லை என்று 35 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு முகத்தருகே போகாதீர்கள். மூக்கு பெரிதாகத் தெரிவது லென்ஸால் அன்று, நீங்கள் நெருங்குவதால். அத்துடன் திரையும் 85 மி.மீ. லென்ஸுக்கு வேண்டியதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமாகத் தேவைப்படும்.

சென்சார் சிறியதாக இருந்தால், அதாவது ஃபுல் ஃபிரேமைவிட நீள அகலத்தில் 1.5 மடங்கு சிறிய கிராப் வகை என்றால், 56 மி.மீ. லென்ஸ் 85-இன் வேலையையும், 35 மி.மீ. ஏறத்தாழ 50-இன் வேலையையும் செய்யும். தொலைவுக் கணக்கு மாறாது.

ஓவியத்துணி எழுதியது:

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் திரையைச் சுமையாகவே பார்க்கிறார்கள். அது படத்தின் பாதி என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். ஒரே சீரான காகிதம் முன்னால் எவ்வளவு நல்ல முகம் இருந்தாலும் அடையாள அட்டைப் படத்தின் சாயல் வந்துவிடுகிறது என்பது என் எண்ணம். கையால் தீட்டிய கேன்வாஸில் ஒளியும் நிழலும் முன்பே கலந்து கிடக்கின்றன. ஒரே ஒரு குடை விளக்கு வைத்தாலும் ஆழம் கிடைக்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இர்விங் பென் 1950-இல் பாரிசில் கண்டெடுத்த பழைய நாடக அரங்கத் திரைச்சீலையைப் பின்னணியாக்கிக்கொண்டு, பிறகு பல பத்தாண்டுகள் அதையே பயன்படுத்தினார். ஒரு மனிதர் இத்தனை காலம் ஒரே சாம்பல் துணியைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்பது, எட்டு நிறத் திரைகளை வாங்கிக் குவிக்கும் நமக்கு ஒரு செய்தி.

செய்துகொள்வது கடினமன்று. 1.5-க்கு 2.4 மீட்டர் அளவில் நடுத்தரத் தடிமனுள்ள பருத்திக் கேன்வாஸ் எடுத்துத் தரையில் இழுத்து விரித்து, பிரைமர் என்னும் அடிவண்ணம் ஒரு பூச்சு அடித்து, காய்ந்த பின் பளபளப்பில்லாத சுவர்ப் பெயின்ட்டில் மூன்று நெருங்கிய சாயல்களைக் கலந்துகொள்ள வேண்டும். நடுச்சாயலை ரோலரால் முழுவதும் பூசி, ஈரம் காய்வதற்குள் மற்ற இரண்டையும் கடற்பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கரைத்துவிட வேண்டும். மூன்று சாயல்களும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தால், வேலை கெட்டுவிட்டது என்று பொருள். நான் தீட்டிய முதல் துணி மேகமூட்டம் போல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன், சிறுத்தைப்புலித் தோல் போல் வந்தது. இரண்டாவது துணியில், தூரிகையின் மொத்தத் தடத்தையும் உலர்ந்த ரோலரால் உருட்டி மழுக்கினேன். அதைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன்.

கேன்வாஸை ஒருபோதும் மடிக்கக் கூடாது. மடித்த இடத்தில் வண்ணம் வெடிக்கும், அந்த வெடிப்பு போகாது. அகன்ற அட்டைக் குழாயில், வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி எடுத்துச் செல்ல வேண்டும்.

முக்காலி எழுதியது:

ஓவியத்துணி சொல்லும் அழகை மறுக்கவில்லை. ஆனால் தீட்டிய துணிக்கு இன்னொரு செலவு இருக்கிறது, அது பின்வேலையில் வருகிறது. ஓரம் போதாமல் திரை முடிந்துவிட்ட படத்தைக் கணினியில் நீட்டித்துக்கொள்வது நம் எல்லாருக்கும் வழக்கம்தான். ஒரே நிறக் காகிதத்திலோ துணியிலோ அது ஒரு நிமிட வேலை. தீட்டிய துணியில் மென்பொருள் அதே திட்டைத் திரும்பத் திரும்ப ஒட்டும். கண்ணுக்குச் சட்டென்று உறுத்தும். எனவே தீட்டிய துணி எடுப்பவர் தேவைக்கு மேல் அகலமாகவே எடுக்க வேண்டும். அகலம் கூடினால் குழாய் நீளும். 1.5 மீட்டர்க் குழாயுடன் நான் பேருந்து ஏறமாட்டேன்.

ஓவியத்துணி எழுதியது:

முடி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு ஓரத்தை நீட்டி, அதன்மேல் மெல்லிய மங்கலும் கொஞ்சம் மணிமணியான புள்ளிகளும் சேர்த்தால் உறுத்தாது. ஆனாலும் குழாய் பற்றிய உங்கள் வாதம் சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் காரில் செல்பவன்.

சுவரோரம் எழுதியது:

எல்லாரும் திரையைச் சுமந்துகொண்டு போவதையே பேசுகிறீர்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே சுவர் இருக்கிறது. வெளிர் சாம்பல், வெளிர் பழுப்பு, பாசிநிறம் போன்ற மங்கிய வண்ணம் பூசிய சுவரில் ஒன்றரை மீட்டர் அகலத்திற்கு ஆணியும் சட்டமும் இல்லாத இடம் கிடைத்தால், அதுதான் சுருக்கம் விழாத பின்னணி. சன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி ஆளை உட்காரவைத்து, சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்தால் போதும். வேலைக்குப் போகுமுன் வாடிக்கையாளரிடம் சன்னல் இருக்கும் அறையின் படங்களைக் கைபேசியில் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பாதி வீடுகளில் திரையை விரிக்கவே தேவை வருவதில்லை.

மறுபாதி வீடுகளில் வருகிறது, அதற்குக் காரணம் பெரும்பாலும் நிறம். அழுத்தமான பச்சை அல்லது மஞ்சள் சுவருக்கு அருகே உட்கார்ந்தவரின் தாடையிலும் கழுத்திலும் அந்தச் சாயம் ஏறிவிடும். கேமராவில் மொத்தப் படத்தின் நிறச்சாயலைத் திருத்தும் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மாற்றி இதைச் சரிசெய்ய இயலாது, ஏனென்றால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறு நிறமும் இருக்கும். இங்கே பின்னணித் திரையைவிட, ஆளுக்கும் அந்தப் பக்கச் சுவருக்கும் இடையே மறைப்பாக நிற்கும் வெள்ளைத் திரையோ கறுப்புத் திரையோதான் பயன்படும். இருபுறமும் நிறம் கொண்ட மடக்குத் திரையை ஒரு மறைப்பாகவும் வைத்துக்கொள்ளலாம் என்பதை முக்காலி சொல்லாமல் விட்டுவிட்டார்.

மேற்கூரை விளக்குகளை அணைத்துவிடுங்கள். சன்னல் ஒளியும் மஞ்சள் விளக்கும் கலந்தால் எந்தச் சாம்பல் திரையும் சாம்பலாக இராது.

அளவுநாடா எழுதியது:

நிறம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் நிறம் நடுச்சாம்பல், இதில் எனக்கு ஐயமே இல்லை. காரணம், சாம்பல் ஒரு நிறம் என்பதைவிட ஒளியளவு என்பதே பொருத்தம். விளக்கு ஆளிடமிருந்து ஒரு மீட்டரிலும், திரை விளக்கிலிருந்து இரண்டு மீட்டரிலும் இருந்தால், தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் ஒளி குறையும் விதிப்படி திரைக்குக் கிடைப்பது கால்பங்கு. அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒளி பாதியானால் ஒரு ஸ்டாப்). நடுச்சாம்பல் அங்கே அடர்கரியாகப் பதிவாகும். விளக்கை இரண்டு மீட்டருக்குப் பின்தள்ளி, திரையை ஆளுக்கு ஒரு மீட்டர் பின்னால் வைத்தால் வேறுபாடு ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல்தான். சாம்பல் சாம்பலுக்கு அருகிலேயே நிற்கும். திரைமேல் தனியாக ஒரு விளக்கை நன்றாக அடித்தால் அதுவே வெண்மைக்கு ஏறிவிடும். நடுச்சாம்பலுக்கும் வெள்ளைக் காகிதத்திற்கும் இடையே ஏறத்தாழ 2.3 ஸ்டாப்தான் தூரம். சிறு பிளாஷுக்கு வண்ணத்தாள் மாட்டித் திரைமேல் அடித்தால் நீலமும் ஆகும், செம்பழுப்பும் ஆகும்.

இதே கணக்கு, புதியவர்கள் எடுக்கும் வெள்ளைப் பின்னணி ஏன் அழுக்குச் சாம்பலாக வருகிறது என்பதையும் விளக்கும். முகத்துக்கு ஏற்ற ஒளி திரையை எட்டும்போது இரண்டு ஸ்டாப் இழந்துவிட்டால், வெள்ளைத் திரை சாம்பலாகத்தான் தெரியும். வெண்மை வேண்டுமென்றால் திரைக்கென்று தனி விளக்கு வேண்டும். தனி விளக்கு என்றால் இன்னொரு ஸ்டாண்டு. ஆகவே வெள்ளைத் திரை எடை குறைந்தது என்று நினைக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: வெள்ளைச் சுவரும் தாழ்ந்த கூரையும் உள்ள சிறிய அறையில் ஒளி நாலாபுறமும் தெறித்துத் திரையில் விழும் என்பதால், மேலே சொன்ன விதி காகிதத்தில் உள்ளபடி நடக்காது. ஒரு படம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரிருள் எழுதியது:

அந்தத் தெறிப்புக்கு மருந்து கறுப்பு வெல்வெட். இரண்டாவது நிறமாக அதையே வையுங்கள். சிறிய வெள்ளை அறையில் பாலியெஸ்டர் கறுப்பு கருஞ்சாம்பலாகப் பளபளக்கும். வெல்வெட் தன்மேல் விழும் ஒளியை விழுங்கிவிடும். திரையை ஆளுக்கு மிக நெருக்கமாக வைத்தாலும் கறுப்பாகவே இருப்பதால் இடமும் மிச்சம். மடித்துத் துணிப்பையில் திணித்தாலும் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு தொல்லைகள் உண்டு. வளர்ப்புப் பூனை இருக்கும் வீட்டில் ஐந்தே நிமிடத்தில் வெல்வெட் முழுவதும் மயிராகிவிடும். ஒட்டுத்தாள் உருளை ஒன்று பையில் இருந்தே தீர வேண்டும். மற்றது தலைமுடி. கருத்த முடி கறுப்புத் திரையில் கரைந்து, முகம் மட்டும் மிதப்பது போல் இருக்கும். பின்பக்கத்திலிருந்து முடியின் ஓரத்தைத் தொடும்படி ஒரு சிறு விளக்கு வேண்டும், அல்லது சன்னலைச் சற்றே பின்புறமாக அமையும்படி ஆளைத் திருப்பி உட்காரவைக்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாத வீட்டில் சாம்பலுக்குத் திரும்பிவிடுவதே நல்லது.

ஊசிநூல் எழுதியது:

இந்த உரையாடலைத் தொடங்கியவர் கேட்ட பாலியெஸ்டரை எல்லாரும் தாண்டிவிட்டீர்கள். எக்ஸ் வடிவில் விரியும் இலேசான சட்டமும், அதன் நான்கு முனைகளில் மாட்டும் 1.5-க்கு 2.1 மீட்டர்த் துணியும் சேர்ந்த வகை ஒன்று இருக்கிறது. மூலைகளை இழுத்து மாட்டுவதால் துணி தானே விறைத்து நிற்கிறது. மடக்கினால் முக்காலி வைக்கும் பைக்குள் அடங்கும். நிறம் மாற்ற வேண்டுமென்றால் துணியை மட்டும் மாற்றினால் போதும். வளையத் திரையின் தட்டு வடிவம் இதில் இல்லை.

சுருக்கம் விழாது என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம், குறைவாக விழும் என்பதே உண்மை. நான்காக மடித்து ஒரு மாதம் பையில் வைத்தால் சிலுவைக்கோடு வரத்தான் செய்யும். மடிக்காமல் உருட்டி வைத்தால் பெரும்பாலும் வராது. வந்தாலும் அது மஸ்லின் மடிப்பைப் போல் கூரியதன்று. ஆளைத் திரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 2.8 என்று அகலமாக வைத்தால் கரைந்துவிடும். திறப்பு குறுகிய எஃப் 8-இல் கரையாது. பாலியெஸ்டரில் சூடான இஸ்திரி வைத்துவிடாதீர்கள், பளபளவென்று ஒரு தடம் உருகி நிற்கும். என் முதல் துணியில் இன்னும் இருக்கிறது, முக்கோண வடிவில்.

கனப்பை எழுதியது:

திரை எதுவாக இருந்தாலும், அது விழக்கூடும் என்பதை மனத்தில் வைத்து வாங்குங்கள். இரண்டு ஸ்டாண்டும் குறுக்குக் கம்பியுமாக நிற்கும் அமைப்பின் கனம் முழுவதும் மேலே இருக்கிறது. ஓடிவரும் குழந்தை கால்தடுக்கினால் கம்பி தலைமட்டத்தில் இறங்கும். மணல்மூட்டைகளைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. தண்ணீர் நிரப்பும் பைகள் உண்டு. அந்த வீட்டிலேயே நிரப்பி, கிளம்பும்போது கொட்டிவிட்டு வரலாம். ஸ்டாண்டின் கால்களில் ரப்பர் உறை இருக்கிறதா என்று பாருங்கள், மரத்தரையில் கீறல் விழுந்தால் அன்றைய வருமானம் போய்விடும். திரையைச் சுவரில் ஒட்டுநாடாவால் ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒருமுறை நாடாவுடன் உள்ளங்கை அளவு பெயின்ட்டும் உரிந்து வந்தது. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

கூரையின் உயரத்தையும் மறக்க வேண்டாம். 2.4 மீட்டர் கூரையின்கீழ், மின்விசிறி சுற்றும் இடத்தில், 2.6 மீட்டர் ஸ்டாண்டை ஏற்றிவிட்டு மேலே பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

புதுவெளிச்சம் எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பேருந்துப் பயணத்தை நினைத்துக் கேன்வாஸையும் காகிதத்தையும் விட்டுவிட்டேன். எக்ஸ் சட்டத்திற்கும் வளையத் திரைக்கும் இடையே நெடுநேரம் தடுமாறி, கடைசியில் ஒருபுறம் நடுச்சாம்பலும் மறுபுறம் கறுப்பும் உள்ள 1.5-க்கு 2 மீட்டர் வளையத் திரையை வாங்கினேன். விறைப்பாக நிற்பதாலும், ஒற்றை ஸ்டாண்டில் முடிவதாலும், பக்கமறைப்பாகப் பயன்படுவதாலும் அதன் பக்கம் சாய்ந்தேன்.

ஐந்து வீடுகளுக்குக் கொண்டுசென்றேன். இரண்டு வீடுகளில் மூலைக்கு மூலை எடுத்தேன், 85 மி.மீ. லென்ஸில் கணக்கு ஏறத்தாழ அப்படியே வந்தது. ஒரு வீட்டில் சுவரோரம் சொன்னபடி முன்பே படங்களை அனுப்பச் சொன்னதால், திரையை உறையிலிருந்து எடுக்காமலே சாம்பல் சுவர்முன் முடித்துக்கொண்டேன். நான்காவது வீட்டில்தான் பாடம் கிடைத்தது: இணையரைச் சேர்த்து உட்காரவைத்துக் கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தேன், இருபுறமும் வளையத்தின் விளிம்பு தெரிந்தது. அளவுநாடாவின் கணக்கில் 24-க்குப் பதில் 36 போட வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. நான்கு மீட்டரில் 1.69 மீட்டர் வேண்டும், என்னிடம் இருந்தது ஒன்றரை. இருவரையும் நெருங்கி உட்காரவைத்து, திரையை அவர்களுக்குப் பின்னால் 80 செ.மீ. அளவுக்கு இழுத்துக்கொண்டு சமாளித்தேன். கறுப்புப் பக்கம் வெல்வெட் அன்று, காரிருள் எச்சரித்தபடியே வெள்ளை அறையில் கருஞ்சாம்பலாகத்தான் வந்தது. ஒரு வெல்வெட் துண்டு தனியாக வாங்கி, தேவைப்படும்போது இதே வளையத்தின்மேல் கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஐந்தாவது வீட்டில் திரையை என்னால் திரும்ப மடக்க முடியவில்லை. வாடிக்கையாளரின் தந்தையும் நானும் சேர்ந்து கால்மணி நேரம் மல்லுக்கட்டினோம்.

முக்காலி எழுதியது:

எல்லாருக்கும் முதல் மாதம் நடப்பதுதான். திரையை நிமிர்த்தி, குறுகிய பக்கம் தரையில் படும்படி வைத்து, கீழ்விளிம்பைக் காலணியின் முனையால் மெல்ல அமுக்கிக்கொள்ளுங்கள். மேல்விளிம்பின் நடுவை ஒரு கையால் பிடித்து, உங்களை நோக்கிக் கீழே வளையுங்கள். பாதி வளைந்ததும் இருபக்கங்களும் உட்புறமாகக் குவிய விரும்பும். அப்போது மேல்விளிம்பைப் பிடித்திருக்கும் மணிக்கட்டை ஒருபக்கமாகத் திருகினால், வளையம் எட்டு வடிவில் முறுக்கிக்கொள்ளும். பக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது தடுக்காமல் விட்டுவிடுங்கள், மூன்று வட்டங்களாகத் தானே விழும். வலிந்து அழுத்தினால்தான் எஃகு எதிர்க்கும், நெளிந்துபோகவும் கூடும்.

உறையில் போட்டு வைக்கும் முன் துணி ஈரமில்லாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இன்று இரவு வீட்டில் பத்துமுறை மடக்கி விரித்துப் பழகுங்கள், கண்ணாடிச் சாமான் இல்லாத அறையில்.